ஐம்பது பேர் கூடும்போது யாரும் விருந்தாளி இல்லை

நீங்கள் கேட்டிருப்பது இது: வரும் சித்திரை விடுமுறையில் அப்பா பக்கத்துச் சொந்தக்காரர் ஏறக்குறைய ஐம்பது பேர் இலங்கை மலையகத்தில் கூடப் போகிறீர்கள். நீலகிரிக் கூடலூரிலிருந்து பெரியப்பா குடும்பம், வவுனியாவிலிருந்து அத்தை பிள்ளைகள், கனடாவிலிருந்து சித்தப்பா, கொழும்பிலிருந்து நீங்கள். அப்பா பிறந்த தோட்டம் டிக்கோயா பக்கம். அங்கே லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில், இன்னும் ஒரு சின்னம்மா இருக்கிறார். ஆறு வருடத்துக்கு முன் இப்படிக் கூடியபோது பாதிப் பேர் முகத்தைத் தூக்கிக்கொண்டு போனார்கள். இந்தத் தடவை எல்லோரும் சந்தோஷமாக இருக்க என்ன செய்யலாம்?

தம்பி, நான் ஹட்டன் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் படிப்பித்து ஓய்வு பெற்றவள். எங்கள் குடும்பமும் உங்கள் குடும்பம் மாதிரிதான் நாலா பக்கமும் போனது. இதுவரை மூன்று முறை கூடியிருக்கிறோம். முதல் முறை எங்களுக்கும் சரியாக வரவில்லை. ஏன் என்று தெரிந்துகொள்ள எனக்குக் கொஞ்ச காலம் பிடித்தது. அதை முதலில் சொல்கிறேன், மற்றதெல்லாம் அதிலிருந்துதான் வருகிறது.

அந்த முதல் கூடலில் நாற்பது பேர் வந்தோம். தோட்டத்தில் இருந்த என் சின்னம்மாதான் வீட்டுக்காரி என்று எல்லோரும் எண்ணிக்கொண்டோம். அவர் விடிய நாலு மணிக்கு எழுந்து ரொட்டி தட்டினார், பத்து மணிக்குத் தேத்தண்ணி ஊற்றினார், மத்தியானம் சோறு வடித்தார், பொழுதுபட்டதும் மறுபடி அடுப்படிக்குள் போனார். வெளியூரிலிருந்து வந்தவர்கள் காலை வேனில் கிளம்பி நீர்வீழ்ச்சி, பூந்தோட்டம், கடை என்று சுற்றிவிட்டு இருட்டியபின் பசியோடு வந்து இறங்கினார்கள். நாலாம் நாள் எல்லோரும் புறப்படும்போது சின்னம்மா என்னிடம் சொன்னார்: "எல்லாரையும் பாத்தேன் புள்ள, யாரோடயும் பேசல." அவர் கோபித்துச் சொல்லவில்லை. அதனால்தான் எனக்கு அது இன்றைக்கும் மறக்கவில்லை.

உங்கள் ஆறு வருடக் கோபமும் இங்கேதான் தொடங்கியிருக்கும் என்று நினைக்கிறேன். வெளியூரிலிருந்து வந்தவர் விருந்தாளி, ஊரில் இருப்பவர் உபசரிப்பவர் என்று பிரிந்துவிட்டால், ஒருவருக்கு அலுப்பு, இன்னொருவருக்குக் கூச்சம். அந்தப் பிரிவு வராமல் பார்த்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

நம்முடைய குடும்பங்களுக்கு இது கூடுதலாக வலிப்பதற்குக் காரணம் இருக்கிறது. நாம் விரும்பிச் சிதறவில்லை. 1948 குடியுரிமைச் சட்டம் நம்முடைய பாட்டன் பூட்டனை நாடற்றவர் ஆக்கியது. 1964 அக்டோபரில் இலங்கை, இந்தியப் பிரதமர்களின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. ஒன்பதே முக்கால் லட்சம் பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று கணக்குப் போட்டார்கள். மீதி ஒன்றரை லட்சம் பேரை 1974இல் பாதி பாதியாகப் பிரித்தார்கள். அண்ணன் இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்தார், தம்பி இங்கே இருக்க எழுதிக் கொடுத்தார். ஒரே காம்பராவில், ஒரே லயத்து அறையில், பிறந்தவர்கள் தலைமன்னார் கப்பலோடு இரண்டு நாட்டுக்காரர் ஆனார்கள். 1977, 1983 கலவரங்களுக்குப் பிறகு இன்னும் பலர் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போனார்கள். அதனால் நம் வீட்டுக் கூடலில் "நீங்கள் போய்விட்டீர்கள்" என்ற சொல்லும், "நீங்கள் எங்களைத் தேடவில்லை" என்ற சொல்லும் யார் நெஞ்சிலாவது இருக்கத்தான் செய்யும். சாப்பாடு தாமதமானதற்கு வந்த சண்டை என்று நீங்கள் நினைப்பது பல நேரம் அந்தப் பழைய சொல்தான். அதைப் பேச இடம் வேண்டும், நேரம் வேண்டும். வேன் சுற்றுலாவில் அந்த நேரம் கிடைக்காது.

சரி, இடத்துக்கு வருவோம். சித்திரையில் நுவரெலியா வேண்டாம். அது அங்கே வசந்த காலக் கொண்டாட்டம் நடக்கும் மாதம். குதிரைப் பந்தயம், மலர்க் கண்காட்சி, கிரெகரி வாவியைச் சுற்றிச் சனக்கூட்டம். அறை வாடகை ஏறிவிடும், வாகன நெரிசலில் ஒரு மணி நேரப் பயணம் மூன்று மணி நேரம் ஆகும். 1,868 மீட்டர் உயரத்தில் இரவுக் குளிர் 10, 12 பாகைக்கு இறங்கும். வவுனியா வெயிலிலிருந்து வரும் வயதானவர்களுக்கு அது தாங்காது. ஹட்டன், டிக்கோயா, நோர்வுட் பக்கமே தங்குங்கள். ஹட்டன் 1,270 மீட்டர் அளவுதான், இரவில் ஒரு கம்பளி போதும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: சிவனொளிபாதமலை பருவம் மார்கழிப் போயாவிலிருந்து, அதாவது பௌர்ணமியிலிருந்து, வெசாக் போயா வரை. சித்திரை வார இறுதிகளில் ஹட்டன் நகரமும் நல்லதண்ணி வீதியும் யாத்திரிகர் பஸ்களால் நிரம்பியிருக்கும். வேனை அதற்கு முன்பே பேசி வைத்துவிடுங்கள்.

சித்திரையில் காலை வெளிச்சமாக இருக்கும், பின்னேரம் இடி மின்னலோடு மழை கொட்டும். ஆகவே வெளி வேலை எல்லாம் மத்தியானத்துக்கு முன், பின்னேரம் கூரைக்கு அடியில். இதை மட்டும் பிடித்துக்கொண்டாலே போதும். கனடாக் குடும்பத்துக்கு ஆகஸ்ட்தான் லீவு என்று திகதி மாறினால், இடத்தையும் மாற்றிவிடுங்கள். ஆகஸ்ட்டில் தென்மேற்குப் பருவக்காற்று ஹட்டன் பக்கத்தை நனைத்தெடுத்துவிடும். மலையின் மறுபக்கம் ஊவாவில், பண்டாரவளை, அப்புத்தளை, பதுளையில், அதே மாதம் வானம் காய்ந்து காற்று அடிக்கும். ஊவாத் தேயிலைக்குப் பேர் வாங்கித் தரும் மாதங்களே அவைதான்.

தங்குவதற்கு ஹோட்டல் அறைகளாக எடுத்துச் சிதறாதீர்கள். பெரிய பழைய பங்களா ஒன்றும், பக்கத்தில் இரண்டு மூன்று வீடுகளும் கிடைத்தால் நல்லது. அரசாங்க வேலையில் உங்கள் குடும்பத்தில் யாராவது இருந்தால், அவர்கள் திணைக்களத்து ஊழியர் தங்கும் சர்க்கிட் பங்களாவுக்கு முன்கூட்டியே எழுதிப் போடச் சொல்லுங்கள். எழுபது வயதுக்கு மேற்பட்டவர்களுக்குக் கீழ்த்தட்டில் கட்டில், பக்கத்தில் கழிப்பறை, சுடுதண்ணி. இந்த மூன்றும் உறுதியான பிறகு மற்றவர்களுக்குப் பாய் விரியுங்கள். இளவட்டங்கள் ஹோலில் வரிசையாகப் படுத்துக்கொள்ளும். விடிய விடியப் பேசிச் சிரிக்கும். அதைத் தடுக்க வேண்டாம், வளர்ந்த பிறகு அவர்கள் சொல்லப்போவது அந்த இரவுகளைத்தான்.

சின்னம்மா வீட்டில் தங்குவோம் என்று யாராவது ஆசையாகச் சொல்வார்கள். ஒரு லயத்து வீடு என்பது ஒரு காம்பரா, முன்னால் திண்ணை மாதிரி ஒரு இஸ்தோப்பு, பின்னால் அடுப்படி. அங்கே நாலு பேர் கூடுதலாகப் படுத்தால் அந்த வீட்டுப் பிள்ளைகள் அயல் வீட்டுக்குப் போய்ப் படுக்க வேண்டும். ஒரு பொழுது போய் இருந்துவிட்டு வாருங்கள். அதற்குப் பதிலாகச் சின்னம்மாவையும் அவர் குடும்பத்தையும் நாலு நாளும் பங்களாவில் உங்களோடு தங்கவையுங்கள். இது மிக முக்கியம். அவருக்கு நாட்சம்பளம் போகும் என்றால் அந்த நாலு நாள் கூலியும் பொதுச் செலவில் சேரட்டும். அதை முன்கூட்டியே, தனியாக, ஒரு பெண் மூலம் அவர் கையில் கொடுத்துவிடுங்கள். எல்லோர் முன்னாலும் கொடுத்தால் அவர் வாங்கமாட்டார், வாங்கினாலும் மனம் நோகும்.

பணம் பற்றியும் இதோடு சொல்லிவிடுகிறேன். தலைக்கு இவ்வளவு என்று பிரிக்காதீர்கள். டொரொண்டோவில் சம்பாதிப்பவருக்கும் கொழுந்து பறிப்பவருக்கும் ஒரே தொகை என்றால் அது நியாயம் மாதிரித் தெரியும், நியாயம் இல்லை. முழுச் செலவையும் ஒரு தாளில் போட்டு, நம்பிக்கையான ஒருவர் மட்டும் ஒவ்வொரு வீட்டிடமும் தனித்தனியாக "உங்களால் எவ்வளவு முடியும்" என்று கேட்கட்டும். யார் எவ்வளவு தந்தார்கள் என்பது அவரோடு நிற்கட்டும். பணம் தர முடியாத வீடு பொருளாகத் தரும்: வவுனியாவிலிருந்து அரிசி, உழுந்து, தோட்டத்திலிருந்து கீரை, லீக்ஸ், போஞ்சி. எங்கள் மூன்றாவது கூடலில் என் மச்சான் ஒருவர் இரண்டு பலாக்காய் தோளில் சுமந்து வந்தார். அன்றைய சாப்பாட்டில் அதைப் பற்றித்தான் எல்லோரும் பேசினார்கள்.

இப்போது அடுப்படி. என்னைக் கேட்டால் கூடலின் நடுவீடு அதுதான். நாங்கள் இரண்டாவது முறையிலிருந்து ஒரு ஒழுங்கு வைத்தோம். ஒவ்வொரு நாளும் ஒரு கிளைக் குடும்பம் சமைக்கும், ஆண்களும் சேர்த்து. அன்றைக்கு மற்றக் கிளைகள் பாத்திரம் கழுவும், கூட்டும், தண்ணி எடுக்கும். முதல் நாள் தூரத்திலிருந்து வந்தவர்களுக்கு அலுப்பு, அதனால் கொழும்புக்காரர் சமைக்கட்டும். இரண்டாம் நாள் வவுனியா. மூன்றாம் நாள் கூடலூரும் கனடாவும் சேர்ந்து. நாலாம் நாள் காலைச் சாப்பாட்டை மட்டும் சின்னம்மாவிடம் கேளுங்கள், அவர் ரொட்டி இல்லாமல் உங்கள் அப்பாவுக்கு அந்த மலைக்கு வந்த மாதிரி இருக்காது. கூட நாலு பேர் மாவு பிசைந்து கொடுக்க வேண்டும்.

அளவு தெரியாமல்தான் பலர் பயப்படுகிறார்கள். ஒரு கிலோ அரிசி ஏழெட்டுப் பேருக்குப் போதும், ஐம்பது பேருக்கு ஒரு வேளைக்கு ஏழு கிலோ. பருப்பு இரண்டு கிலோ. கோழி பத்துக் கிலோ இருந்தால் ஆளுக்கு நல்ல இரண்டு துண்டு வரும். ரொட்டிக்கு ஒரு கிலோ கோதுமை மாவும் ஒரு தேங்காயும் போட்டால் பத்துப் பன்னிரண்டு தட்டலாம். ஆளுக்கு இரண்டு என்று வைத்து ஒன்பது, பத்துக் கிலோ மாவு வாங்குங்கள். கட்டச் சம்பலுக்கு மிளகாயும் வெங்காயமும் இடிக்க அம்மி கிடைத்தால் மிக்ஸியைத் தேடாதீர்கள். அம்மியைச் சுற்றி நாலு பெண்கள் உட்காருவார்கள், பேச்சு தானாக வரும். இன்னொரு விஷயம், கடற்கரைப் பக்கத்தவர்களுக்குத் தெரியாது: உயரத்தில் தண்ணீர் 100 பாகைக்கு முன்பே கொதித்துவிடும். நுவரெலியாவில் 94 பாகை அளவிலேயே கொதிக்கும், ஹட்டனில் கொஞ்சம் கூட. அதனால் கடலையும் பருப்பும் வேகக் கூடுதல் நேரம் எடுக்கும். இரவே ஊறப் போட்டுவிடுங்கள். எங்கள் வவுனியா மதினி "இந்த ஊர் அடுப்பே சரியில்லை" என்று அரை நாள் கொண்டைக்கடலையோடு போராடினார், பாவம்.

மரக்கறிச் சாப்பாட்டுக்காரர், ஜெபக் கூட்டத்துக்குப் போகிறவர், கோயில் விரதக்காரர் என்று ஒரே குடும்பத்தில் இப்போது எல்லாரும் இருக்கிறார்கள். மரக்கறிக்குத் தனி அடுப்பு, தனி அகப்பை வையுங்கள். சாப்பிடும் முன் யாருடைய முறையில் கும்பிடுவது என்ற கேள்வியை அந்த நேரத்தில் எழ விடாதீர்கள். ஒரு நிமிடம் எல்லோரும் எழுந்து நின்று, இறந்துபோன பெரியவர்களின் பேரைச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் அதற்கு யாரும் மறுப்புச் சொன்னதில்லை.

தோட்டத்துக்குப் போகும் நாளை ஞாயிற்றுக்கிழமையில் வையுங்கள். அன்றைக்குப் பெரட்டு, அதாவது காலையில் வேலைக்கு ஆள் பிரிப்பது, இல்லை, லயத்தில் ஆட்கள் இருப்பார்கள். வேலை நாளில் ஐம்பது பேர் மலையில் இறங்கி, கொழுந்து பறிக்கிற பெண்களைப் படம் பிடித்துக்கொண்டு நிற்பது அழகில்லை. அவர்களுக்கு அன்றைய நிறைக் கணக்கு இருக்கிறது. தோட்டங்கள் 1992க்குப் பிறகு கம்பனிகளிடம் இருக்கின்றன. ஸ்டோர் என்கிற தேயிலைத் தொழிற்சாலையையும், துரை என்கிற தோட்ட முகாமையாளரின் பங்களா பக்கத்தையும் பார்க்க வேண்டுமென்றால் முன்கூட்டியே அலுவலகத்தில் அனுமதி கேளுங்கள். லயத்துக்கும் கோயிலுக்கும் போக, தோட்டத்துத் தலைவருக்கும் பூசாரிக்கும் ஒரு வார்த்தை சொல்லி வைத்தால் போதும். முடிந்தால் தோட்டத்து மாரியம்மன் திருவிழாத் திகதியை விசாரித்து, அதைச் சேர்த்தே கூடலை வையுங்கள். பல தோட்டங்களில் சித்திரை வைகாசியில்தான் திருவிழா வரும். தப்புப் பறையின் சத்தம் கேட்டதும் பெரியவர்கள் மாறிவிடுவார்கள். என் மாமா ஒருவர், முப்பது வருடமாக வெளிநாட்டில் இருந்தவர், சிறு வயதில் மன்மதன் கதையைச் சொல்லும் காமன் கூத்தில் மதனாக ஆடியவர். தப்பு அடிக்கத் தொடங்கியதும் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுக் களத்துக்குள் போய்விட்டார். அவருடைய பிள்ளைகள் அப்படி ஒரு அப்பாவை அதற்கு முன் பார்த்ததே இல்லை.

அங்கே என்ன பார்ப்பது என்று கேட்பீர்கள். பெரியவர்கள் முன்னால் நடக்கட்டும், நீங்கள் பின்னால் போங்கள். எந்த லயம், எத்தனையாம் காம்பரா, எந்தத் தண்ணீர்ப் பீலியில் குளித்தார்கள், குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளை மடுவம் எங்கே இருந்தது, கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கு எந்தக் குறுக்குப் பாதை, பாட்டியைப் புதைத்த இடம் எது. அவர்கள் நிற்கும் இடத்தில் நில்லுங்கள். உங்கள் பெரியப்பா கூடலூருக்குக் கப்பலேறி ஐம்பது வருடத்துக்குக் கிட்ட ஆகியிருக்கும். லயம் இடிந்திருக்கலாம், அந்த இடத்தில் புது வீடு எழும்பியிருக்கலாம், வேறு யாரோ குடியிருக்கலாம். அவர் அழுதால் அழட்டும். தோளைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் ஒருவர் நின்றால் போதும். அந்த நேரத்தில் போனைத் தூக்கிப் பிடிக்க வேண்டாம் என்று பிள்ளைகளுக்கு முன்பே சொல்லிவிடுங்கள். இப்போது அந்தக் காம்பராவில் இருப்பவர்களுக்கு ஒரு பை பலகாரமும், பேச ஒரு அரை மணி நேரமும் கொண்டுபோங்கள்.

உங்கள் உறவில் யாராவது மஸ்கெலியாப் பக்கத்தவர் என்றால் அந்த நாளில் மவுசாகலை நீர்த்தேக்கத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பழைய மஸ்கெலியா நகரம் அந்தத் தண்ணீருக்குள்தான் இருக்கிறது. வறட்சியில் நீர் இறங்கும்போது மூழ்கிய கோயில் கட்டடங்கள் வெளியே தெரியும். "இதிலே தேர் ஓடியது" என்று ஒரு கிழவி சேற்றைக் காட்டிச் சொன்னதை நான் கேட்டிருக்கிறேன்.

ஆபத்துகளையும் சொல்லிவிட வேண்டும். அட்டை கடிக்கும், அதற்கு உப்பும் சவர்க்காரமும் போதும். குளவிதான் பெரிய விஷயம். தேயிலை மலைகளில் குளவி கொட்டித் தொழிலாளர்கள் இறந்திருக்கிறார்கள். மரத்தில் கூட்டைக் கண்டால் பிள்ளைகள் கல்லெறியக் கூடாது, கத்தக் கூடாது. நிறையக் கொட்டு பட்டால் கைவைத்தியம் பார்த்துக்கொண்டிராமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். ஆற்றிலும் காசல்ரீ, மவுசாகலை நீர்த்தேக்கங்களிலும் குளிக்க விடாதீர்கள். மலை உச்சியில் பெய்த மழை இங்கே வெயில் அடிக்கும்போதே ஆற்றைப் பெருக்கிவிடும். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மலையகத்தில் செய்ததை நீங்கள் அறிவீர்கள். மலைச்சரிவுகளும் ரயில் ஓடும் கோச்சிப் பாதையும் பல இடங்களில் பழுதடைந்தன. ஆகவே கோச்சியில் வர ஆசைப்பட்டால் அன்றைக்கு எதுவரை ஓடுகிறது என்று கேட்டுவிட்டு டிக்கெட் எடுங்கள். அடைமழை பிடித்தால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையைப் பார்த்துவிட்டுப் பயணம் கிளம்புங்கள்.

கூடலூரிலிருந்து வருகிறவர்களுக்கு ஒரு சொல். நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் 2023 அக்டோபரில் தொடங்கியது. கடல் குழப்பமாக இருக்கும் காலத்தில் நிறுத்திவிடுவார்கள். பெரியப்பா கப்பலில்தான் திரும்பி வருவேன் என்று அடம் பிடிக்கலாம், எங்கள் பெரியப்பாவும் பிடித்தார். ஆனால் காங்கேசன்துறையில் இறங்கி ஹட்டனுக்கு வருவது வயதானவருக்கு நீண்ட பயணம். திருச்சியிலிருந்து கொழும்புக்கு விமானம் சுலபம். கடவுச்சீட்டு, விசா வேலைகளை மூன்று மாதத்துக்கு முன்பே தொடங்குங்கள். கட்டுநாயக்காவிலிருந்து அவிசாவளை, கித்துல்கல, கினிகத்தேனை வழியாக வரும்போது கினிகத்தேனைக்கு மேல் வளைவுகள் அதிகம். வயதானவர்களை முன் இருக்கையில் வைத்து, வாயில் இஞ்சித் துண்டு கொடுத்து, வழியில் இரண்டு இடத்தில் நிறுத்தி வாருங்கள். வந்த அன்று எந்த நிகழ்ச்சியும் வேண்டாம்.

பின்னேர மழை நேரம்தான் பேச்சுக்கு நல்ல நேரம். சுவரில் நாலு பெரிய தாளை ஒட்டி வம்ச வரிசை எழுதத் தொடங்குங்கள். பிழையாக எழுதினாலும் பரவாயில்லை. பிழையைத் திருத்தத்தான் பெரியவர்கள் எழுந்து வருவார்கள். ஆட்களைத் திரட்டி அழைத்து வந்த எந்தக் கங்காணி பேரேட்டில் வந்தார்கள், இந்தியாவில் எந்த ஊர், திருச்சியா, புதுக்கோட்டையா, சேலமா, யார் யாருக்கு எந்த முறை. கூடலூர் வீட்டில், இந்தியாவுக்குப் போனபோது கொடுத்த பழைய குடும்ப அட்டை இருந்தால் எடுத்து வரச் சொல்லுங்கள். எங்கள் பெரியப்பா கொண்டு வந்த அட்டையில் ஒட்டியிருந்த படத்தில் என் அப்பாயி இளம்பெண்ணாக இருந்தார். வேறு எங்கேயும் எங்களிடம் அவருடைய படம் இல்லை. பிள்ளைகள் ஒவ்வொருவரும் ஒரு பெரியவரை அரை மணி நேரம் போனில் பதிவு செய்யட்டும். தமிழ் சரளமாக வராத கனடாப் பிள்ளையோடு தோட்டத்துப் பிள்ளை ஒன்றைச் சேர்த்து விடுங்கள். இரண்டும் ஒன்றுக்கொன்று மொழி சொல்லிக் கொடுக்கும். மழை விட்டால் கிளித்தட்டு, மட்டையும் பந்துமாக ஆடும் எல்லே, கயிறு இழுத்தல். கயிறு இழுக்கும்போது குடும்பத்துக்குக் குடும்பம் எதிராக நிறுத்தாமல், வயதுக்கு வயது நிறுத்துங்கள்.

குடியைப் பற்றி நேராகச் சொல்கிறேன். எங்கள் முதல் கூடலில் இரண்டாம் இரவு ஆண்கள் தனியாக உட்கார்ந்தார்கள், பத்து மணிக்குப் பழைய கணக்கு வெளியே வந்தது, பதினொரு மணிக்கு ஒரு சித்தப்பா பையைத் தூக்கிக்கொண்டு இருட்டில் இறங்கிவிட்டார். அதன் பிறகு நாங்கள் போத்தலே வேண்டாம் என்று முடிவு செய்தோம். முணுமுணுத்தார்கள், ஆனால் வந்தார்கள். காணி, கடன், கல்யாணப் பேச்சு இவற்றையும் அந்த நாலு நாளுக்கு ஒதுக்கி வையுங்கள். யாராவது மனத்தாங்கலோடு இருப்பது தெரிந்தால், குடும்பத்தில் எல்லோரும் மதிக்கிற ஒரு அத்தையோ மாமாவோ இருவரையும் கூட்டிக்கொண்டு காலையில் ஒரு நடை போய்வரட்டும். நடக்கும்போது முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை, பேச்சு இலகுவாக வரும். எங்கள் இருட்டில் போன சித்தப்பா அடுத்த கூடலில் அப்படி ஒரு நடைக்குப் பிறகுதான் என் அப்பாவின் கையைப் பிடித்தார்.

பிரிவதை நாலாம் நாள் அவசரத்தில் வைக்காதீர்கள். மூன்றாம் இரவே படம் எடுப்பது, கையில் கொடுக்க வேண்டியதைக் கொடுப்பது எல்லாம் முடியட்டும். நாலாம் நாள் காலையில் ரொட்டியும் தேத்தண்ணியும் மட்டும்.

கூடலூர் ஆட்களிடம் அவர்கள் ஊர்த் தேயிலைத்தூள் ஒரு பொட்டலம் கொண்டுவரச் சொல்லுங்கள். இங்கேயிருந்து போனவர்களில் பலர் நீலகிரியில் மறுபடி தேயிலைக்குள்தான் போனார்கள், உங்கள் பெரியப்பா வீட்டிலும் யாராவது அங்கே கொழுந்து எடுத்திருப்பார்கள். எங்கள் கடைசிக் காலையில் இரண்டு கேத்தலைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். ஒன்றில் கோத்தகிரித் தூள், பாலோடு கொதிக்கவைத்து, கடும் நிறமாக. மற்றதில் நம்ம தோட்டத்துத் தூள், வெறும் சாயத்தண்ணி, கடிக்க ஒரு துண்டு கித்துள் கருப்பட்டி. பெரியப்பா இரண்டையும் குடித்துப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. சின்னம்மா அவர் பக்கத்தில் இஸ்தோப்பில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். அவருக்கு ஒரு கோப்பையை என் மகன்தான் கொண்டுபோய்க் கொடுத்தான். அதை வாங்கிக்கொண்டு அவர் பெரியப்பாவிடம், "அண்ணே, அந்தப் பீலிக்கரைக் கொய்யா மரம் ஞாபகம் இருக்கா?" என்று தொடங்கினார். வேன்காரர் இரண்டு தரம் ஹோன் அடித்தார். நாங்கள் அவரையும் கூப்பிட்டு உட்காரவைத்து ஒரு கோப்பை கொடுத்தோம்.